கல் இல்லாத கிரைண்டர்

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. விடியும்போதே தூறல். வழக்கம்போல் எழுந்து பால் காய்ச்சினேன், கணவருக்கு மதியச் சாப்பாடு கட்டினேன். குண்டசாலைப் பக்கத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நின்று ஒரு முறைதான் ஹாரன் அடிக்கும். அதற்குள் இறங்கிவிட வேண்டும். அவர் போன பிறகு மாடி வராந்தாவில் துணி காயப்போட்டேன். இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கட்டுகஸ்தோட்டையில் ஜூன் மாதம் துணி காயப்போடுகிறவர்கள் பெரிய நம்பிக்கைக்காரர்கள். இரண்டு கிளிப் மாட்டுவதற்குள் பாண் வண்டியின் பாட்டு மேட்டுத் தெருவில் ஏறி வந்தது.

பாண் வண்டியைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பாண் என்றால் நாம் பிரெட் என்கிறோமே அது. ஓர் ஆட்டோவின் பின்பக்கத்தைக் கண்ணாடி அலமாரியாக மாற்றி, அதற்குள் சுடச்சுட பாணும் பணிஸ் என்கிற பன்னும் அடுக்கி, ஒரே மெட்டை ஒலிபெருக்கியில் ஓயாமல் ஒலிக்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். வந்த புதிதில் அது ஐஸ் வண்டி என்று நினைத்தேன். ‘காலையிலேயே ஐஸ் தின்கிற குளிர்ப் பிரதேசம், விசாரிக்க வேண்டும்’ என்று டைரியில் எழுதியும் வைத்தேன். அந்தப் பக்கத்தை இன்றும் கிழிக்கவில்லை. அன்றைக்கு அப்படித்தான் தெரிந்தது; தெரிந்ததைத்தானே எழுத முடியும்.

கோயம்புத்தூரில் நாங்கள் இருந்த பீளமேட்டுத் தெருவுக்கும் ஓர் ஓசை உண்டு. சாயங்காலம் விளக்கு வைத்ததும் வீட்டுக்கு வீடு கிரைண்டர் ஓடத் தொடங்கும். டி.வி. சத்தத்துக்கு அடியில் அந்தக் கடகடப்பு இருந்துகொண்டே இருக்கும். நின்றால்தான் காதுக்குத் தெரியும், கரண்ட் போய்விட்டது என்று. நாளைய காலைச் சாப்பாடு தயாராகிறது என்பதற்கான சத்தம் அது. இங்கே அந்த வேலையைப் பாண் வண்டியின் பாட்டு செய்கிறது. ஒன்று முந்தின நாள் மாலை கேட்கும், மற்றது அதே நாள் காலை. இந்த வித்தியாசத்துக்குள்தான் என் வேலை முழுவதும் இருந்தது. அது புரிய எனக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆனது.

என் வேலை என்னவென்று சொல்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு கிரைண்டர் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் பல வருடம் இருந்தேன். கணவருக்கு இங்கே வேலை கிடைத்து, மகனையும் கல்லூரி விடுதியில் சேர்த்த பிறகு, நானும் கிளம்புகிறேன் என்று முதலாளியிடம் சொல்லப் போனேன். அவர் ராஜினாமாக் கடிதத்தை வாங்கி மடித்துத் திருப்பித் தந்தார். “அங்க தமிழாளுக நெறைய இருக்காங்கல்ல அம்மிணி? அப்பறம் என்ன? போய்ப் பாருங்க. நம்ம கிரைண்டருக்கு அது சந்தையா, இல்லையான்னு எழுதிக் குடுங்க. சந்தைன்னா கண்டியிலயே ஒரு ஆபீஸ் போட்டுக்கலாம், நீங்களே பாத்துக்கலாம். இல்லைன்னா இல்லை” என்றார். அந்த ‘இல்லைன்னா இல்லை’யில் என் வேலையும் அடக்கம். அறிக்கை கொடுக்கிற நாள்வரை சம்பளம். ‘ஆம்’ என்று எழுதினால் அதற்குப் பிறகும் உண்டு. நான்கு மாதிரிக் கிரைண்டர்கள் எனக்கு முன்னால் கப்பலில் வந்து சேர்ந்திருந்தன.

இந்த மாதத் தொடக்கத்தில் அறிக்கையை அனுப்பினேன். பதில் வரவில்லை. திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து ஒரு வரிச் செய்தி: ‘ஐயா செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேசுவார்.’ அதனால்தான் அன்று துணி காயப்போடும்போதும் போன் இடுப்பில் இருந்தது.

ஒரு நாட்டைச் சந்தையாக மதிப்பிடுவது என்றால் பெரிய வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கக்கூடும். புள்ளிவிவரங்களும் சுங்க விதிகளும் வாங்கிப் படித்தேன், உண்மைதான். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: இங்குள்ள வீடுகளில் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள்? அதைக் கேட்டுவிடலாம் என்று கண்டி பஸ் நிலையத்துக்கும் கட்டுகஸ்தோட்டைச் சந்தைக்கும் ஒரு வாரம் போனேன். தமிழ் பேசுகிறவர்களாகப் பார்த்து, “காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டேன். கேட்டவர்களில் பாதிப்பேர் முகம் மலர்ந்து, “சாப்பிட்டோம், நீங்க சாப்பிட்டீங்களா?” என்றார்கள். இன்னும் சிலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம், வெளியூர்க்காரி பசியில் கேட்கிறாள் என்று முடிவு செய்தார்கள். துணிக்கடை வாசலில் ஓர் அம்மா நேரே உள்ளே போய் ஒரு பணிஸும் தேத்தண்ணி என்கிற டீயும் கொண்டுவந்து என் கையில் வைத்து, கதிரையை, அதாவது நாற்காலியைத் துடைத்து, “இருந்து குடிங்க மகள்” என்றார். இது ஆய்வு என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்து குடித்தேன். அந்த வாரத்து முடிவாக டைரியில் இருப்பது இவ்வளவுதான்: தகவல் இல்லை, தேத்தண்ணி தினமும்.

வீட்டிலும் ஒரு குழப்பம் நடந்தது. நாங்கள் இருப்பது மாடியில். கீழே வீட்டுக்காரர் குசுமா அக்கா. சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். நான்கு கிரைண்டர்களையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை படியேறி வந்தார். ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் குனிந்து பார்த்தார்.

“மிஸ் கடை போடுறதா?”

“இல்லக்கா, வீட்டுக்குத்தான்.”

“ரெண்டு பேருக்கு?”

“ரெண்டு பேருக்கு.”

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். வாடகை வீட்டில் கடை நடத்துவதை நான் மறைக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அவருடைய தங்கை ஒரு டிபன் பாத்திரத்தோடு வந்து நின்று, ஆறு தோசை வேண்டும் என்று கையைக் காட்டிக் கேட்டார். சுட்டுக் கொடுத்தேன். பணம் வாங்க மறுத்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் சந்தேகம் இன்னும் பலப்பட்டிருந்தது.

முதல் செயல்முறை விளக்கத்தை மலையூரான புசல்லாவையில் வைத்தேன். ஒரு வங்கிக் கிளையில் எனக்குக் கணக்குத் திறந்து கொடுத்த மலர், அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போது கண்டியில் அறை எடுத்து வேலை பார்க்கிறவள். வார இறுதியில் ஊருக்குப் போவாள். “எங்க வீட்டுல வைங்கக்கா, லயத்து ஆளுங்க எல்லாரையும் வரச் சொல்றேன்” என்றாள். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அவர்களுடைய முன்னோர் திருச்சி, நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பேச்சும் நம் பேச்சு மாதிரியே இருக்கும். கம்பெனி என்னை அனுப்பியதே இந்த வீடுகளை எண்ணித்தான். நம் பக்கத்து ஆட்கள், நம் மொழி, அப்படியென்றால் நம் தோசை. கோயம்புத்தூரில் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. நானும் சேர்ந்து போட்ட கணக்குதான்.

சனிக்கிழமை மாலை பஸ்ஸில் கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கி, எல்லோரும் பார்க்க அரிசியும் உளுந்தும் அரைத்தேன். மாவு வெண்ணெய் மாதிரி வந்தது. மலரின் அம்மா விரலால் தொட்டுப் பார்த்து, “பூப்போல இருக்கே” என்றார். எனக்குப் பெருமை. மூடி வைத்துவிட்டு, காலையில் தோசை சுட்டுக் காட்டுகிறேன் என்று அறிவித்துப் படுத்தேன். மலைக்காற்று ராத்திரி முழுவதும் தகரத்தில் அடித்தது. காலையில் பதினைந்து பேர் தட்டோடு வந்து உட்கார்ந்தபோது மூடியைத் திறந்தேன். மாவு நான் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. ஒரு குமிழிகூட இல்லை. புளித்த வாசனைக்கு மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஈர அரிசி வாசனைதான் வந்தது.

“குளிருக்கு மாவு எந்திரிக்காதுக்கா” என்றாள் மலர், மெதுவாக.

“நேத்தே சொல்லியிருக்கலாமே!”

“நீங்க கோயம்புத்தூர்க்காரவங்க. மிஷினும் புதுசு. அதுல ஏதாச்சும் வழி இருக்கும்னு நெனச்சேன்.”

பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய சித்தி சத்தமாகச் சொன்னார்: “மாவு தூங்கினா தூங்கட்டும், பாவம், நேத்தெல்லாம் சுத்துன அலுப்பு. நாம எந்திரிச்சிட்டோம்ல, ரொட்டி தட்டுங்கடி!” அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். வேறு என்ன செய்வது? கோதுமை மாவில் தேங்காய்த் துருவலும் உப்பும் போட்டுப் பிசைந்து, தடிமனாகத் தட்டிச் சுட்டு, அதே துருவலில் மிளகாய் இடித்துச் செய்த காரமான சம்பலோடு தந்தார்கள். தோசை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சுடுவார்களாம். அதற்கும் மாவுப் பானையை அடுப்புப் பக்கத்தில் சாக்குப் போட்டுச் சுற்றி வைப்பார்களாம். மற்ற நாட்களில் ரொட்டிதான். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் மடித்துக் கையோடு கொண்டுபோகலாம், மத்தியானம்வரை வயிற்றில் நிற்கும். “தோசை நல்லதுதான். ஆனா பத்து மணிக்கெல்லாம் எங்க போச்சுன்னு தெரியாதே” என்றார் சித்தி. அப்போது அதை நகைச்சுவையாகத்தான் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது விளக்கம் மடவளையில், நிஸ்தார் நானாவின் கடையில். நானா என்றால் இங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணன். கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் நானாதான். மின்விசிறி, ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி விற்கிறவர். எங்கள் கிரைண்டருக்கு முகவராக வேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை. நான் முடிவு சொல்வதற்கு முன்பே கடையின் முன்பக்கத்தில் புதுத் தட்டு ஒன்று அடித்து, மஞ்சள் விளக்கும் போட்டு வைத்துவிட்டார். காலித் தட்டின்மேல் அந்த விளக்கு நாள் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது.

“எல்லாம் சரி மிஸ். ஆனா எங்க தாத்தா வந்து பாத்துச் சரின்னு சொல்லோணும். அந்த வாயால சரி வந்தா மடவளைல பாதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மாதிரி.”

நான் ஒரு முதியவரை எதிர்பார்த்து, நல்ல கதிரையாகப் பார்த்து முன்னால் இழுத்துப் போட்டு வைத்தேன். வந்தவர் என் வயதுப் பெண். இங்கே முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள் என்று அன்றுதான் கற்றேன். ரிஹானா தாத்தா வீட்டிலேயே ரோல்ஸும் சமோசாவும் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறவர். கூடவே ஏழெட்டுப் பெண்களை அழைத்து வந்திருந்தார். புசல்லாவைப் பாடத்துக்குப் பிறகு, அரைத்துக் காட்டியதோடு நிறுத்தி, வீட்டிலிருந்து புளிக்க வைத்துக் கொண்டுபோன மாவில் தோசை வார்த்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். யாரும் விலை கேட்கவில்லை. என் அனுபவத்தில் விலை கேட்காத பாராட்டு, கல்யாண வீட்டில் சொல்கிற பாராட்டு மாதிரி. மொய் எழுதியாகிவிட்டது, கிளம்பலாம் என்று அர்த்தம்.

பெட்டிக்குள் எல்லாவற்றையும் திருப்பி அடுக்கும்போதுதான் ரிஹானா தாத்தா கேட்டார்.

“அதென்ன மிஸ், அடியில பிளாஸ்டிக் உறைக்குள்ள?”

நம் ஊரில் கிரைண்டர் வாங்கியவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு இனாம் சாமான் இருக்கும்: தேங்காய் துருவுகிறது ஒன்று, சப்பாத்தி மாவு பிசைகிறது ஒன்று. கல்லை எடுத்துவிட்டு அதே மோட்டாரில் மாட்டிக்கொள்ளலாம். நம் ஊரில் அதை யாரும் மாட்டுவதில்லை. உறையோடு பரணுக்குப் போய்விடும். விற்பனையில் இருந்த அத்தனை வருடத்தில் ‘இரண்டும் இலவசம்’ என்று நான் சொல்லாத நாள் இல்லை. அவற்றை ஓட்டிக் காட்டும்படி ஒருவர்கூடக் கேட்டதில்லை. ரிஹானா தாத்தா கேட்டார். எனக்கே சரியாக மாட்டத் தெரியவில்லை. நானா பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வந்த கோதுமை மாவைப் போட்டு, தண்ணீர் விட்டு ஓட்டினேன். பெண்கள் எழுந்து நின்றுகொண்டார்கள். மாவு திரண்டு உருண்டதும் ரிஹானா தாத்தா அதை எடுத்து, இரண்டு கையாலும் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் வலது மணிக்கட்டை எனக்கு நீட்டினார். எலாஸ்டிக் பட்டை சுற்றியிருந்தது.

“வருசக்கணக்கா மாப் பிசைஞ்சு பிசைஞ்சு இப்பிடி. நோன்பு மாசம் வந்தா ராவும் பகலும். இதச் சொல்லாம தோசயச் சொல்லிட்டு ஈக்கிறீங்களே!”

“தேங்கா திருவுறதையும் போடுங்கொ பாப்பம்” என்றார் இன்னொருவர்.

போட்டேன். சட்னிக்கென்று நான் கொண்டுபோயிருந்த தேங்காய் நாலாபுறமும் தெறித்தது, நானாவின் மின்விசிறிகள் மேலெல்லாம் வெள்ளைத் தூவல். யாரும் கவலைப்படவில்லை. “விலை என்ன?” “கரண்ட் எவ்வளவு இழுக்கும்?” “பட்டீஸுக்குப் பிசைய ஏலுமா?” எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ரிஹானா தாத்தா, வியாபாரத்தை முடிக்கிற குரலில் கேட்டார்:

“சரி மிஸ், கல்லு இல்லாம தரேலுமா?”

“கல்லு இல்லாமலா? கிரைண்டர்னாலே கல்லுதானே!”

“எங்களுக்கு என்னத்துக்கு? தோச ஆச வந்தா டவுன் சைவக் கடைல ரெண்டு சாப்பிட்டுட்டு வாறது. அதுக்காக இந்தக் கல்லையும் கட்டிக்கொண்டு அழோணுமா?”

நிஸ்தார் நானா என்னைப் பார்த்தார். நான் மஞ்சள் விளக்கைப் பார்த்தேன்.

அன்றைக்கே ஒரு மாதிரியை ரிஹானா தாத்தா வீட்டில் வைத்துவிட்டு வந்தேன், கல் இல்லாமல். ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும் என்று. இரண்டாவது ஒன்றைப் புசல்லாவைக்கு அனுப்பினேன், அதுவும் கல் இல்லாமல். மலரின் சித்திக்கு ரொட்டி மாவு பிசைய. இரண்டின் கற்களும் திரும்ப என் வீட்டுக்கே வந்தன. வராந்தாவில் கிடந்த அவற்றைக் குசுமா அக்கா பார்த்து, ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மூடியைக் குரங்குகள் தினமும் திறந்து குளிக்கின்றனவாம். இப்போது கோயம்புத்தூர்க் கல் அந்த மூடிமேல் உட்கார்ந்திருக்கிறது. குரங்குகள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகின்றன.

அறிக்கையை எழுத உட்கார்ந்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. கணவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “சந்தை உண்டுன்னு எழுதேன். ரெண்டு வருஷம் நிம்மதியா ஓடும்” என்றார், பாதி விளையாட்டாக. எழுதலாம். தமிழ் பேசும் வீடுகளின் கணக்கும் ரசித்துச் சாப்பிட்ட முகங்களும் அதற்குப் போதும். கொள்கலன் வரும். நிஸ்தார் நானா தட்டை நிரப்புவார், இன்னும் இரண்டு தட்டு அடிப்பார். பிறகு அந்தக் கற்கள் அங்கேயே இருக்கும். மடவளையில் நான் ஏறும் பஸ் அந்தக் கடை வாசலில்தான் நிற்கிறது; ஒவ்வொரு முறையும் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இன்னொரு பக்கம், ‘இல்லை’ என்று எழுதினால் அதுவும் முழு உண்மை கிடையாது. பெண்கள் எழுந்து நின்றதை நான் பார்த்தேனே. கடைசியில் பார்த்ததை வரிசையாக எழுதினேன். நாம் விற்கிற பொருளுக்கு இது சந்தை இல்லை, நாம் இனாமாகக் கொடுக்கிற பொருளுக்குச் சந்தை. மோட்டாரோடு துருவியும் பிசைவதும் மட்டும் தரலாம், கல் வேண்டுகிறவர்கள் தனியாக வாங்கலாம். அனுப்பும் முன் அந்த வரியைப் பலமுறை படித்தேன். எங்கள் முதலாளி பாறைக் குவாரிக்குத் தானே போய், கல்லைச் சுண்டிப் பார்த்து, ஓசையைக் கேட்டு எடுக்கிறவர். அவருக்குப் போய் இதை எழுதுகிறோமே என்றிருந்தது.

மத்தியானம் போன் வந்தது. காயப்போட்ட துணியை மழைக்கு அள்ளிக்கொண்டிருந்தேன். ஈரத் துணியோடு அப்படியே நின்று எடுத்தேன்.

“ஏனுங் அம்மிணி, நல்லாருக்கீங்களா? அங்க மழைங்களா?”

“தூறலுங்க ஐயா.”

“உங்க அறிக்கையப் படிச்சனுங்க. மொதத் தடவ கோவம் வந்துது. அதனாலதான் உடனே கூப்பிடல. நாப்பது வருசமா கல்லு விக்கறவன் நான். கல்யாணத்துக்கு வந்து, மாப்பிள்ளை வேண்டாம், மேளம் மட்டும் குடுங்கங்கற மாதிரியில்ல இருக்குது!”

ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

“வீட்டுல சொன்னனுங்க. எங்க வீட்டம்மா சிரிச்சுப்போட்டாங்க. நம்மளோட அந்தத் துருவி எங்கன்னு கேட்டாங்க. பரண்ல ஏறி எடுத்தா, உறையே பிரிக்கல! பதினஞ்சு வருசமா என்ற வீட்டுலயே பிரிக்கல. செரின்னு ஒரு மூடி துருவிப் பாத்தேன். சட்டையெல்லாம் தேங்கா. என்ன அம்மிணி இப்படித் தெறிக்குது? இதையா அந்தப் பொண்ணுக நல்லாருக்குன்னாங்க?”

“தெறிக்கறதப் பத்தி அவங்களும் சொன்னாங்க ஐயா. ஆனா வேணும்னுதான் சொன்னாங்க.”

“அதுக்கு ஒரு தடுப்பு போட்டாத்தான் அனுப்புவேன். பட்டறையில சொல்லிருக்கறேன். மொதல்ல கொஞ்சமா அனுப்பறேன், உங்க நானா தட்டு நெறையற அளவுக்கு. கல்லு தனியா வரும். யாராச்சும் கேட்டாக் குடுங்க. கேக்கலைன்னா நீங்களே வெச்சுக்குங்க, பத்திரமா. குரங்குக்குக் குடுக்காதீங்க.”

அதையும் அறிக்கையில் எழுதியிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பின்னிணைப்பில்.

“அப்ப நானுங்க ஐயா?”

“நீங்க அங்கயே இருந்து பாத்துக்கோணும். வேற யாரு பாப்பாங்க?”

“எத்தனை காலத்துக்குங்க?”

“அது எனக்கெப்படித் தெரியும்? அவங்க தேங்கா திங்கற வரைக்கும்.” சிரித்தார். பிறகு, வைக்கப் போகிறவர் வைக்காமல் கேட்டார்: “அம்மிணி, நீங்க அங்க தோசை சுடறீங்களா இல்லையா?”

“சுடறனுங்க. வாரத்துல ரெண்டு நாளு.”

“பீளமேட்டுல தெனமும் சுடுவீங்களே. டிபன் பாக்ஸத் தொறந்தா தோசையாத்தான் இருக்கும்.”

“ஆமாங்க.”

“மத்த நாளு?”

“பாணுங்க. சம்பலு. சில நாளு ரொட்டி.”

“செரி” என்றார். வைத்துவிட்டார்.

இவ்வளவு வீடுகளில் கேட்டு எழுதிய நான் என் வீட்டை அறிக்கையில் சேர்க்கவில்லை. தோன்றவே இல்லை. மார்ச் மாதத்திலிருந்து டைரியைப் புரட்டிப் பார்த்தேன். காலைச் சாப்பாட்டை நான் எழுதி வைக்காத நாள் கிடையாது. பாண், சம்பல். பாண், பருப்பு. தேங்காய் ரொட்டி. தோசை. பாண். என்னிடம் கேட்டிருந்தால் நானும் அந்தப் பஸ் நிலையத்து ஆட்கள் மாதிரி, “சாப்பிட்டோம், நீங்க?” என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

வருத்தம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அன்று மாலை மனம் லேசாக இருந்தது. நிஸ்தார் நானாவுக்குப் போன் செய்தேன். “அல்ஹம்துலில்லாஹ்! தாத்தாக்கிட்ட நான் சொல்லுவனா, நீங்க சொல்லுவீங்களா?” என்றார். “நீங்களே சொல்லுங்க நானா.” “இல்ல மிஸ், நீங்க சொல்லுங்கொ. நான் சொன்னா, கல்லு தலையில கட்டுறேன்னு நெனச்சி இன்னும் வில பேசுவா.” மலரிடம் சொன்னபோது அவள் சித்தியிடம் போனைக் கொடுத்தாள். “அதான் சொன்னேன்ல, ரொட்டிதான் நிக்கும்னு” என்றார் சித்தி. மகனிடம் சொன்னபோது, “அப்ப இப்போதைக்கு வரமாட்டியாம்மா?” என்றான். “தீபாவளிக்கு வர்றேன்” என்றேன். “வரும்போது அந்தக் காரச் சம்பல் செஞ்சு எடுத்துட்டு வா, ஹாஸ்டல்ல எல்லாரும் கேக்கறாங்க” என்றான். அவன் கோயம்புத்தூரில் உட்கார்ந்து சம்பல் கேட்கிறான். சரிதான்.

கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். இனிப்பு வாங்கி வரட்டுமா என்றார். வேண்டாம், தோசை சுடுகிறேன் என்றேன். அப்போதே சுட முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஊறவைத்திருந்த அரிசியையும் உளுந்தையும் எங்களுக்கென்று வைத்துக்கொண்ட கிரைண்டரில் கொட்டி ஓட்டினேன். ஜன்னல்களைத் திறந்து வைத்தேன், சத்தம் தெருவுக்குப் போகட்டும் என்று. கீழே குசுமா அக்கா யாரிடமோ சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. கடையைத் திறந்துவிட்டாள் என்று சொல்லியிருப்பார்.

மறுநாள், புதன்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக மாவு இருந்த பாத்திரத்தை மோட்டாரிலிருந்து தூக்கிக் கீழே வைத்துவிட்டு, அதே இடத்தில் துருவியை மாட்டினேன். கீழ்வீட்டில் கையால் துருவுகிற கரகரப்பு இன்னும் தொடங்கவில்லை. இறங்கிப் போய்க் குசுமா அக்காவின் தேங்காய் மூடி இரண்டையும் வாங்கி வந்து, என்னுடையதோடு சேர்த்துத் துருவிக் கொடுத்தேன். பாண் வண்டி வந்தது, ஒன்று வாங்கி வைத்தேன். பிறகு மாவின் மூடியைத் திறந்து பார்த்தேன். பாதி பொங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று, வெயில் விழுகிற ஜன்னல் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.